உம்மா எழுந்து நின்றாள்

அன்பு மகள் தஸ்லிமாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். ஷார்ஜாவில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் நல்ல சுகத்தோடு இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். மேலப்பாளையத்தில் நாங்களும் சுகம், இப்போதுதான் அதைத் தைரியமாக எழுத முடிகிறது. உம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மட்டும்தான் போனில் சொன்னேன், மற்றதை இதில் எழுதுகிறேன்.

சினைப்பையில் கட்டி, புற்றாக இருக்கலாம் என்றதும் நாம் இரண்டு பேரும் போனிலேயே முடிவு செய்தோமே, எழுபத்து மூன்று வயதில் கத்தி வேண்டாம், உம்மாவிடம் எதையும் சொல்லவும் வேண்டாம் என்று. அதைத்தான் பாளையங்கோட்டையில் டாக்டர் விஜயஸ்ரீயிடம் பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு உன் வயதுதான் இருக்கும். வயசு கூடுனா ஆபத்தும் கூடத்தான் செய்யும் ஐயா, பொய் சொல்ல மாட்டேன், ஆனா வயசை மட்டும் பாத்து வைத்தியத்தைக் குறைச்சா அது அதைவிட ஆபத்து என்றது. பிறகு வெளியே இருந்த உம்மாவை உள்ளே கூப்பிட்டு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியுமாம்மா என்று கேட்டது. நான் முந்திக்கொண்டு, அவளால முடியாது என்றேன். உம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நாற்காலியை விட்டு இறங்கி, தொழுகை இருப்பில் அமர்வது போலத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள், எதையும் பிடிக்காமல் நேராக எழுந்து நின்றாள். நாற்காலியில தொழுறது இவங்கதான் டாக்டரம்மா, நான் அஞ்சு வேளையும் இப்படித்தான் எந்திரிக்கேன், இவங்க போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு, கட்டி என்ன கட்டின்னும் எனக்குத் தெரியும், எடுத்துப் போடுங்க என்றாள். முட்டுவலிக்காரன் நான்தானே.

காலையில் உள்ளே போனவள் மத்தியானம் லுஹர் தொழுகைக்கு மேல்தான் வெளியே வந்தாள். மறுநாளே நர்ஸ் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் பைய நடந்தாள், சுப்ஹானல்லாஹ், இந்த மெலிந்த உடம்புக்குள் இத்தனை திடத்தை வைத்தவனை நினைத்து அழுதுவிட்டேன். சோதனையில் புற்றுதான் என்று வந்திருக்கிறது, ஆனால் பரவவில்லையாம். இனி மருந்து ஏற்ற வேண்டும், உடம்பு தாங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து ஏற்றுவோம் என்கிறது அந்தப் பிள்ளை. முழுக்கக் குணமாகும் என்று வாக்குக் கொடுக்கவில்லை, அல்லாஹ் நாடியபடி நடக்கட்டும்.

நீ பதறிக்கொண்டு ஓடி வராதே, பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும். சின்னவனை ஏசிக்கு நேரே படுக்க விடாதே. அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, உம்மா எப்படி இருக்கிறாள் என்று இனி என்னிடம் கேட்காதே, அவளிடமே கேள். ஐம்பது வருஷம் கூட வாழ்ந்தும் எனக்கு அவளைத் தெரியவில்லை.

உன் வாப்பா
நூர்முகம்மது