கல்லில் மூன்றாவது பெயர்

பாலக்கரை, திருச்சிராப்பள்ளி
18-10-1936

அன்புத் தங்கச்சி அழகம்மாளுக்குச் சாரா அக்கா எழுதுவது. அல்லாஹ் கிருபையில் நானும் மகள் ரஷீதாவும் என் அண்ணன் வீட்டில் இருக்கிறோம், இருக்கிறோம் என்ற பேருக்கு. என் வீட்டுக்காரர் மௌத்தானபோது அடக்கத்துக்கு வந்துவிட்டு அன்றே மண்ணச்சநல்லூர் போனவள், ஒரு மாதமாக ஒரு வரி எழுதவில்லையே நீ! ஃபயர் எஞ்சினில் வேலை பார்த்த நம் வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்த லைனில் ஒன்பது வருஷம் அடுத்தடுத்த வீடு. நீ தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். நீ சொல்லிக்கொடுத்த எழுத்தில்தான் எழுதுகிறேன், கோழிக் கிறுக்கல் என்று சிரிக்காதே.

ஒரு உபகாரம் வேணும். சித்திரையில் பஞ்சு மூட்டை வைக்கிற கிட்டங்கி எரிந்தபோது செத்தவர்களுக்குக் கடைவீதிக்காரர்கள் கல் நடுகிறார்கள் அல்லவா? உன் வீட்டுக்காரர் பேரும், கூட வேலை பார்த்த ஸ்ரீரங்கத்து ஆண்டி பேரும் மட்டும் வெட்டப் போகிறார்களாம். இவரும் அந்தப் புகையில்தானே போனார்? ஐந்து மாதம் கழித்துப் போனால் அது தீயில் போனது இல்லையா? கமிட்டி செயலாளர் வந்து திரைக்கு அந்தப் பக்கம் நின்று, "மத்த ரெண்டு வீட்டுக்காரங்களும் சம்மதிச்சு எழுதிக் கொடுத்தா சேர்க்கலாம்மா, நாளைக்கு வம்பு வரக் கூடாது பாருங்க" என்றார். ஆண்டியின் அம்மா கைநாட்டு வைத்துவிட்டாள். நான் இத்தாவில் இருக்கிறேன். நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது. இல்லாவிட்டால் நானே வந்து உன் கையைப் பிடித்திருப்பேன். காகிதம் வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன் அக்கா,
சாரா


மண்ணச்சநல்லூர்
27-10-1936

சாரா அக்காவுக்கு அழகம்மாள் வணக்கம். இங்கே அரிசி மில்லில் புடைக்கிற வேலை கிடைத்திருக்கிறது. உமித்தூசியில் கண் எரிகிறது, மற்றபடி சுகம்.

மனசில் வைத்துப் புழுங்க எனக்குத் தெரியாது, சொல்லிவிடுகிறேன். எனக்கு உங்கள் மேல் பொறாமை அக்கா. ஐந்து மாதம் அண்ணனுக்கு, உங்கள் வீட்டுக்காரருக்கு, கஞ்சி ஊட்டினீர்கள், முதுகைத் தடவிக் கொடுத்தீர்கள், சண்டைகூடப் போட்டிருப்பீர்கள். என் வீட்டுக்காரரைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். பெல்ட்டின் பித்தளைக் கொக்கியைப் பார்த்துத்தான் இது பிச்சமுத்து என்றார்கள். முகத்தை நான் பார்க்கவில்லை. அன்று காலையில் அவரிடம் கடைசியாக என்ன சொன்னேன் தெரியுமா? விறகு ஈரமாக இருக்கிறது என்று எரிந்து விழுந்தேன்.

உங்களுக்கு ஐந்து மாதம் கிடைத்தது. எனக்கு அந்தக் கல்தான். அதிலும் பங்கு வேணுமா? கையெழுத்துப் போட மாட்டேன். கோபித்துக்கொண்டாலும் சரி.

அழகம்மாள்


பாலக்கரை
5-11-1936

அழகுக்குச் சாரா எழுதுவது.

நல்லா இருக்குடி உன் நியாயம்! ஐந்து மாதம் விருந்து சாப்பிட்டேன் என்று நினைத்தாயா? அவர் இருமி இருமித் துப்பியதில் கரி வந்தது, அப்புறம் ரத்தம் வந்தது. நானும் சொல்கிறேன் கேள், எனக்கும் உன் மேல் பொறாமைதான். உன் புருஷன் ஒரேயடியாகப் போனார், ஊரே திரண்டு மாலை போட்டது. என் புருஷன் கொஞ்சம் கொஞ்சமாகப் போனார், சயரோகம் என்று சொல்லி எங்கள் வீட்டுத் தண்ணீரைக்கூட யாரும் குடிக்கவில்லை.

பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் ரஷீதாவை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "நோய் இருந்த வீடு, எங்களுக்கு சரிப்படாது" என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். கல்லில் பேர் இருந்தால் அவர் நோயில் போகவில்லை, தீயில் போனார் என்று ஊருக்குத் தெரியும். நீ தூக்கி வளர்த்த பெண் அவள். அவளுக்காகவாவது போடு.

சாரா


மண்ணச்சநல்லூர்
14-11-1936

சாரா அக்காவுக்கு,

ரஷீதா விஷயம் படித்ததும் அழுதுவிட்டேன். அவள் என்ன பாவம் செய்தாள்? கையெழுத்துப் போடப் பேனாவும் எடுத்தேன். அப்புறம் ஒரு ஞாபகம் வந்து கை நின்றுவிட்டது.

அண்ணன் படுத்திருந்தபோது நான் நாலு தடவை வந்தேன். ஒரு தடவை "தூங்குறாரு" என்றீர்கள். ஒரு தடவை "டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டாரு" என்றீர்கள். மற்ற இரண்டு தடவையும் வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். கிட்டங்கிக்குள்ளே மூன்று பேர் போய், வெளியே வந்தவர் அவர் ஒருத்தர்தானே! உள்ளே என்ன நடந்தது, என் வீட்டுக்காரர் கடைசியாக என்ன சொன்னார் என்று அவர் உங்களிடம் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார். என்னை ஏன் அவரிடம் விடவில்லை? எனக்கு அது தெரிய வேண்டும். உண்மையை எழுதுங்கள்.

அழகம்மாள்


பாலக்கரை
29-11-1936

அழகு,

பத்து நாளாக எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து, இன்றைக்குத்தான் முழுசாக எழுதுகிறேன்.

புகைக்குள் போனால் தண்ணீர்க் குழாயை விடக் கூடாது, தரையில் கிடக்கிற அதைத் தடவிக்கொண்டே வந்தால்தான் வாசல் தெரியும் என்று நம் வீட்டு ஆண்கள் சொல்வார்களே. அன்று முன்னால் குழாய் முனையைப் பிடித்தது உன் வீட்டுக்காரர். பின்னால் இவர். பஞ்சு மூட்டை சரிந்ததில் இவர் உருண்டு, குழாய் கைவிட்டுப் போயிற்று. எந்தப் பக்கம் வாசல் என்றே தெரியவில்லையாம். உன் வீட்டுக்காரர் தவழ்ந்து வந்து இவர் கையை எடுத்துக் குழாய் மேல் வைத்து, "அண்ணே, இதைப் புடிச்சுக்கிட்டே போங்க. நான் ஆண்டியைக் கூட்டிட்டுப் பின்னாடியே வரேன். இன்னிக்கு ஈர விறகுல சமையல், வீட்டுல கோவமா இருப்பா, சீக்கிரம் போகணும்" என்று சிரித்தாராம். இவர் வெளியே வந்ததும் கூரை இறங்கிவிட்டது.

இதை உன்னிடம் சொல்லச் சொன்னார். "அழகுகிட்ட சொல்லிட்டியா?" என்று தினமும் கேட்பார். சொல்லிட்டேன் என்று தினமும் பொய் சொன்னேன். அந்த ஐந்து மாதம் உன் வீட்டுக்காரர் கொடுத்தது. அது உனக்குத் தெரிந்தால் நீ வந்து கட்டிலோரம் உட்காருவாய், அவர் உயிரில் உனக்கும் பாத்தியதை வந்துவிடும். அதை என்னால் தாங்க முடியவில்லை. அவரை யாருக்கும் பங்கு வைக்க எனக்கு மனசு வரவில்லை. என்னைத் திட்டு. ரஷீதாவைத் திட்டாதே.

சாரா


மண்ணச்சநல்லூர்
9-12-1936

சாரா பீவி அவர்களுக்கு,

கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அண்ணன் பேர் கீழே போய்விடப் போகிறது, மூன்றும் ஒரே வரிசையில் வெட்ட வேண்டும் என்று கமிட்டிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். ரஷீதாவை நல்ல இடத்தில் கொடுங்கள்.

அவர் சிரித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஏழு மாதமாக, அவர் என் மேல் கோபத்தோடு போனார் என்று நினைத்து நினைத்துச் செத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை என்று சொல்ல ஒருத்தர் பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கமே படுத்திருந்திருக்கிறார். அண்ணன் வாயால் ஒரு தடவை கேட்டிருந்தால் எனக்குப் போதும். அதை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

தை முதல் தேதி கல் திறக்கிறார்கள். உங்களுக்கு இத்தா, வர முடியாது. நான் போவேன். இத்தா முடிந்து நீங்கள் கல்லைப் பார்க்கப் போகிற நாளை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். அன்றைக்கு நான் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

பி. அழகம்மாள்