சாம்பல் குதிரையின் வாலில் சிவப்புத் துணி

மகள் ரைகானுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் குதிரைகளும் நன்றாக இருக்கிறோம், மாஸ்கோவில் நீயும் மாப்பிள்ளையும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். மற்றதைப் பிறகு விசாரிக்கிறேன். நேற்று போனில் "அந்த மாட்டு டாக்டர் சொன்னதுதான்பா சரி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாயே, அதற்கு முதலில் பதில் வாங்கிக்கொள். எதம்மா சரி? சாம்பல் குதிரைக்குக் குளம்பில் சீழ் வைத்துவிட்டது. முன்னெல்லாம் சந்தையில் சோப்புக்கும் தேயிலைக்கும் நடுவே ஊசிமருந்து கிடக்கும், வாங்கி வந்து நானே போட்டுவிடுவேன். இப்போது டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாதாம். சரி என்று டாக்டர் கான்ஷாயைக் கூப்பிட்டேன். பூட்டுப் போட்ட பெட்டியில் பனிக்கட்டிக்கு நடுவே மருந்தைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தாள், என் கல்யாணத்தில் எனக்குக்கூட அந்த மரியாதை நடக்கவில்லை. ஊசி போட்டுவிட்டு, "பெரியப்பா, நான் வந்து பாத்துச் சொல்ற வரைக்கும் இதோட பாலைக் கீழ ஊத்திருங்க, மனுசங்களுக்கு ஆகாது" என்றாள். அதோடு விட்டாளா, போகிறவன் வருகிறவனெல்லாம் பார்க்கட்டும் என்று வாலில் சிவப்புத் துணி வேறு கட்டினாள்.

மேய்ச்சல்காட்டுச் சனமெல்லாம் குதிரைப்பாலைப் புளிக்க வைத்த இந்த வருசத்து முதல் குமிஸ் குடிக்க நம் கூடாரத்துக்கு வரப்போகிற நேரம். அதிகம் கறக்கிறதே அந்தக் குதிரைதான். பாலை மண்ணில் ஊற்ற எந்தக் கைக்கு மனசு வரும்? துணியை அவிழ்த்தேன், கறந்தேன், புளிக்கிற தோல்பையில் ஊற்றிவிட்டேன். உன் அம்மாவிடம் சொல்லவில்லை. விருந்தன்று அவள் பையைத் திறந்தால் நுரையும் இல்லை, புளிப்பும் இல்லை. பக்கத்துக் கூடாரத்து எஸ்தெபெஸ் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏன்டா ஷாமென், பாத்திரம் கழுவுன தண்ணியவா விருந்துக்கு வச்ச" என்றான். எத்தனை வருசமாய் அவன் குமிஸை நான் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன். விருந்துக்கு வந்திருந்த கான்ஷாய் மோந்து பார்த்துவிட்டு எல்லார் கிண்ணத்தையும் வாங்கிக் கொட்டினாள். "கிருமியக் கொல்ற மருந்து பெரியப்பா, உங்க உறையையும் கொன்னுருச்சு" என்றாள்.

நான் விடுவேனா. "இத ஏம்மா முதல்லயே சொல்லல" என்றேன். "மனுசங்களுக்கு ஆகாதுன்னு சொன்னேனே, அது பத்தலையா" என்கிறாள். பத்தாதும்மா. பாலைக் கொட்டச் சொல்லிச் சட்டம் எழுதினவர்களில் ஒருத்தராவது தோல்பை கடைந்திருப்பார்களா? 'குமிஸ் கெட்டுப்போகும்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்த மலையில் எவன் மீறுவான்?

செத்தது உன் அம்மா கல்யாணமாகி வரும்போது கொண்டுவந்த உறை. அன்றிலிருந்து என்னிடம் பேச்சில்லை. நீ லீவுக்கு வரும்போது என்ன ஊற்றிக் கொடுப்போம் என்று குதிரையிடம் சொல்லி அழுகிறாள். எஸ்தெபெஸிடம் இருப்பதும் அவள் கொடுத்த உறைதான், வாங்கிக்கொள்ளலாம். நீயே போய்க் கேளேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு, அவள் காதில் விழட்டும் என்று இந்தக் கடிதத்தைச் சத்தமாய் வாசித்தேன். சட்டம் எழுதினவர்களைப் பற்றி நான் கேட்ட கேள்விக்கு வருவதற்குள் எழுந்தாள். "அவர் குமிஸ இத்தன வருசமா கிண்டல் பண்ணுன வாயாலயே போய்க் கேளுங்க" என்று ஒரு காலிக் கிண்ணத்தை என் மடியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். பேசிவிட்டாள், அதுவரைக்கும் லாபம்.

குதிரைக்கு நன்றாகிவிட்டது. டாக்டர் வந்து பார்த்துச் சொல்கிறவரை இருக்கட்டும் என்று துணியை மறுபடியும் நானே கட்டிவிட்டேன், கான்ஷாயிடம் சொல்லாதே. நோய்நொடி இல்லாமல் இருங்கள், குளிருக்குக் காதை மூடிக்கொள். மறக்காமல் அம்மாவுக்குப் போன் செய். எஸ்தெபெஸ் கூடாரத்தில் இன்னும் புகை தெரிகிறது, முழித்துத்தான் இருக்கிறான், கிளம்புகிறேன்.

கிண்ணமும் கையுமாய்,
உன் அப்பன் ஷாமென்