ரோசியின் பாத்தி

14.10.2014, செவ்வாய்

ஜெசிந்தா அக்காவின் நிலத்துக்கு மல்லாட்டை பிடுங்கப் போயிருந்தேன். திண்டிவனம் வரை தேடியும் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. அவளும் நானும் மட்டும்தான். மழையில் வேர்க்கடலை மண்ணுக்குள்ளேயே முளைவிட ஆரம்பித்துவிட்டது. இன்னும் இரண்டு நாள் போனால் அத்தனையும் வீண்.

சும்மா சீண்டினேன். "ஏங்கா, ரெண்டு சிங்கத்தப் பெத்துட்டு என்னைக் கூப்புட்றியே?"

"ஒருத்தன் துபாய்ல கீறான், ஒருத்தன் மெட்ராஸ்ல. ரோசி இருந்தா இந்நேரம் ஒரு பாத்தி புடுங்கியிருப்பாடி" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரோசி பிறக்கவே இல்லை.

தொண்ணூற்று மூன்றில் நான் ஆஸ்பத்திரி ஆயா. கருத்தடை ஆபரேஷனுக்குப் பெண்களை வேனில் அழைத்துப் போவேன். ஒருநாள் ஜெசிந்தா அக்கா வேன் படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஒரு பொண்ணு பெத்துக்கினு வர்றேனே. ரோசின்னு பேருகூட வச்சிட்டேன்."

"அந்தப் பேர ஆட்டுக்குட்டிக்கு வச்சிடுக்கா!"

வேன் முழுக்கச் சிரிப்பு. அவளும் சிரித்துக்கொண்டே ஏறினாள்.

எத்தனை பேரை இப்படிச் சிரிக்கவைத்தே ஏற்றினேனோ.

கண்ணை மூடினால் யாரோ ஒரு பெண் செடிகளுக்கு நடுவே குனிந்து நிற்கிறாள். முகம் தெரியவில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய் அவள் பாத்தியை நான் பிடுங்க வேண்டும்.