கீரிமலையில் செய்த பாவம்

12 பெப்ரவரி 1934, திங்கள்
சுன்னாகம் ஸ்ரேசனில் வெங்காய மூடைகளை ஏற்றி முடிய மத்தியானம் திரும்பிவிட்டது. மூடைகளோடு மச்சான் பரமலிங்கம் வந்தான். "கனகு, அந்தியேட்டியை நீ வடிவாச் செய்து முடிச்சாய். ஐயாவின்ரை ஆத்துமா ஆறியிருக்கும்" என்று கூலிக்காரர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். அவன் வாயைப் பொத்தலாம் போல இருந்தது.

றெஜினாவுக்கு நான் சொல்லியிருக்கும் கதை வேறு. ஐயா செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்தது பரமலிங்கம், நான் எட்டத்தில் நின்று பார்த்தேன் - இதுதான் என் மனைவிக்குத் தெரிந்தது. கத்தோலிக்கன் ஒருவன் கீரிமலைத் தீர்த்தக்கரையில் தர்ப்பை போட்டு எள்ளும் தண்ணீரும் இறைத்தால் அது சாவான பாவம். ஒன்பது வருடத்துக்கு முன் அவளைக் கட்டுவதற்காக வின்சன்ற் என்ற பெயரோடு ஞானஸ்நானம் பெற்றபோதே படித்த பாடம். ஆனால் ஐயாவுக்கு என்னை விட்டால் வேறு பிள்ளை இல்லையே.

14 பெப்ரவரி, விபூதிப் புதன்
பூசையில் பங்குச் சுவாமி நெற்றியில் சாம்பலால் சிலுவை போட்டார். திரும்பி வந்து முழந்தாளிட்டதும் பழக்கதோஷத்தில் கை தானாக எழும்பி, மூன்று விரலால் அதைத் திருநீறுபோலக் குறுக்கே இழுத்துவிட்டது. கோயில் வாசலில் றெஜினா கண்டுவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, இதென்ன கோலம்!"

சேலைத் தலைப்பால் துடைத்தாள். பூச்சும் போயிற்று, சிலுவையும் போயிற்று. வெறும் நெற்றியோடு வேலைக்குப் போனேன்.

பாஸ்குத் திருநாள் வரை நாற்பது நாள் தபசு காலத்துக்கு இம்முறை சுருட்டை விட்டிருக்கிறேன்.

23 பெப்ரவரி, வெள்ளி
சிலுவைப்பாதை. இறக்கிய உடலைத் தாயின் மடியில் கிடத்தும் பதின்மூன்றாம் ஸ்தலத்தில் மனம் ஓடிவிட்டது. கடைசி நாள் ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். கத்தோலிக்க வேதத்தை விட்டு வா என்று கேட்கவில்லை. "கனகு, கீரிமலைக்கு ஆர் வாறது?" என்றுமட்டும் கேட்டார். "நான்தான் ஐயா" என்றேன்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றினதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டுமா?

6 மார்ச்
செபமாலை சொல்லும்போதும் சுருட்டு ஞாபகம். வெட்கம்.

17 மார்ச், சனி
பாஸ்குவுக்கு முன் சுவாமியிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, பூசையில் நற்கருணை அப்பமாகிய நன்மை எடுக்கவேண்டும். செய்த பாவத்துக்கு மனஸ்தாபப்பட்டால்தான் மன்னிப்பு. ஒரு மணி நேரம் முழந்தாளில் இருந்து பார்த்தேன். பொய் சொன்னதை நினைத்தால் அழுகை வருகிறது. கிரியையை நினைத்தால் வரவில்லை - கேணியில் முழுகி எழும்பியபோது நெஞ்சு லேசானதுதான் ஞாபகம் வருகிறது. மறைத்துவிட்டு நன்மை எடுத்தால் இன்னும் பெரிய பாவம். எடுக்காவிட்டால் றெஜினா ஏனென்று கேட்பாள்.

ஆண்டவரே, நான் உம்மோடை கதைக்கிறனோ, ஐயாவோடை கதைக்கிறனோ? விளங்கேல்லை. எனக்கு ஒண்டுமே விளங்கேல்லை.

28 மார்ச், பெரிய புதன்
செபநாயகம் சுவாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மனஸ்தாபப்படுறீரோ?"

"பொய்க்கு ஓம் சுவாமி. மற்றதுக்கு... இல்லை."

"அப்ப பாவப்பொறுத்தல் தரேலாது, வின்சன்ற். பாஸ்கு காலம் முடிய இன்னும் நாள் கிடக்கு, திரும்பி வாரும். பெண்சாதிக்குச் சொன்னனீரோ?"

"இல்லை."

"முதல் அங்கை போம்."

29 மார்ச், பெரிய வியாழன்
சொல்லிவிட்டேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவளின் கை நின்றது.

"என்னை அவ்வளவு பொல்லாதவள் எண்டு நினைச்சனீங்களோ?"

அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பிறகு கேட்டாள்: "மாமாவுக்கு எல்லாம் வடிவாச் செய்தனீங்களோ?"

"ஓம்."

திரும்பவும் துருவத் தொடங்கினாள்.

1 ஏப்ரல், பாஸ்கு
நன்மை எடுக்க ஆண்கள் பக்கம் முழுவதும் எழும்பிப் போனது. நான்மட்டும் குனிந்து இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் வழி விடுவேன் என்று பார்த்து, பிறகு என் காலைத் தாண்டிப் போனார். எவ்வளவு வெட்கமாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் றெஜினா நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "இண்டைக்கு எடுத்த நன்மையை மாமாவுக்கு எண்டு ஒப்புக்குடுத்தனான்."

ஞானஸ்நானம் இல்லாமல் செத்த மனுஷனுக்கு அப்படிச் செய்யலாமா என்று கேட்டேன்.

"தெரியாது" என்றாள். "சுவாமியைக் கேக்கவும் மாட்டன்."