நாய்க்கு என்று எழுதியிருந்த வளையம்

ஆல்ட்வெர்த் துறை, ரைன் ஆறு
செப்டம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது சுவரில் முடுக்கியிருந்த ஓர் இரும்பு வளையம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன், நீங்களும் உர்சல் அத்தையும் சுகமாக இருக்கவேண்டும். அத்தை வீட்டில் ஆறு தெரியாத அறையாகப் பார்த்துக் கேட்டு வாங்கினீர்களாமே, அத்தை போனில் சொன்னாள். எட்டு மாதமாக என்னோடு போனில் பேச மறுக்கிறீர்கள். கடிதத்தையாவது பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள்.

இந்தப் பயணக் கப்பலில் எனக்குச் சலவை அறையில் வேலை. அது தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, ஜன்னல் கிடையாது. இயந்திரச் சத்தம் மாறுவதை வைத்து, இப்போது கப்பலை ஏற்றி இறக்கும் மதகுக்குள் நுழைகிறோம், இப்போது வளைவில் திரும்புகிறோம் என்று கண்டுகொள்வேன். அதைச் சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை. சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரித்துப் பேசுவார்கள், நான் ஒரு பதிலை யோசித்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். நேற்று ஒரு பயணிக்கு உடம்பு சரியில்லை, அவருடைய அருங்காட்சியகச் சீட்டு மிஞ்சியது. சலவை அறைத் தலைவி ஓட்டிலியே என்பவள் அதை என் கையில் திணித்து, “போடி, இங்கயே கிடந்தா பூஞ்சை பிடிச்சிடும். விமானம், ரயில் எஞ்சின் எல்லாம் இருக்காம், போய் வாயைப் பிளந்து பாத்துட்டு வா” என்று விரட்டினாள்.

விமானங்களையும் எஞ்சின்களையும் தாண்டிக் கடைசிக் கொட்டகைக்குப் போனேன் அப்பா. அங்கே நாம் குடியிருந்த படகின் சுக்கான் அறை நிற்கிறது. உடைத்து இரும்பாக்கியிருப்பார்கள் என்றுதானே நினைத்தோம், அந்த அறையையும் பக்கத்துத் தளத்தில் ஒரு துண்டையும் அதன் ஓரத்துக் கம்பிவேலியோடு வெட்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். வாசலுக்கு வந்ததும் என்னையறியாமல் காலணிகளைக் கழற்றி, எப்போதும் போல இடது பக்கம் வைத்துவிட்டு உள்ளே போனேன். பின்னால் வந்த பயணிகள் சிரித்தார்கள். காவலர் ப்ளேஸ்மன் என்பவர், “என்னம்மா, செருப்பைக் கழட்டிட்டு? இது என்ன உங்க வீடா?” என்றார். அப்போதுதான் பார்த்தேன், வளையத்துக்குப் பக்கத்து ஆணியில் நீங்கள் தார்ப்பாய்த் துணியில் தைத்த பட்டை தொங்கியது, அதன் கீழே ஓர் அட்டை. படகு நாயைக் கட்டும் வளையமும் வாரும் என்று எழுதியிருந்தது.

படகை விற்ற அன்று நீங்களும் அதைத்தான் சொன்னீர்கள். “நாயைக் கட்டற மாதிரி உன்னைக் கட்டிப் போட்டு வளத்தேன், படிப்பையும் கெடுத்தேன், இனிமே இந்தப் படகும் வேணாம், என் நிழலும் உனக்கு வேணாம்” என்றீர்கள். நான் தங்கிப் படித்த படகுப் பிள்ளைகள் விடுதியிலிருந்து என்னை யாரும் இழுத்து வரவில்லை அப்பா, நானேதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். படகில் பிறந்த எந்தப் பிள்ளைதான், ஆற்றில் விழாமலிருக்கக் கட்டும் வாரில்லாமல் நடந்தது? அன்றே இதைச் சொல்லியிருக்கவேண்டும். நேற்றும் அட்டையைத் திருத்தச் சொல்லாமல், காலணியை மாட்டிக்கொண்டு கப்பல் பயணிகளின் பேருந்துக்குத் திரும்பினேன்.

இரத்த அழுத்த மாத்திரையைக் காலையில் மறக்காதீர்கள், வெறும் காப்பியோடு நிறுத்தாமல் ரொட்டியும் சாப்பிடுங்கள். அத்தையிடம் கோபப்படாதீர்கள், அவளுக்கும் வயதாகிறது. பெற்றவர் எழுதவேண்டிய புத்திமதியை நான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பதாம் தேதி பகல் பதினொரு மணிக்கு இதே துறையில் மறுபடி நிற்போம், மூன்று மணி நேரம். வாருங்கள். வர முடியாவிட்டாலும், உங்கள் ஆசீர்வாதத்தை ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். நேற்று நான் ஏறிய பேருந்து கிளம்ப இன்னும் சில நிமிடம் இருந்தது. இறங்கி ஓடினேன். மறுபடி காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு, “அட்டையில தப்பா போட்டிருக்கு, அது நாய்க்கு இல்ல, பிள்ளைக்கு” என்று ப்ளேஸ்மனிடம் சொன்னேன். “யாரு சொன்னா?” என்றார். “அந்தப் பிள்ளை நான்தான்” என்றேன். அவர், “நாய்க்கும் அதே வார்தானே போடுவாங்க, எப்படி நம்பறது?” என்றார். நான் பட்டையை எடுத்து ஒரு முனையை வளையத்தில் மாட்டினேன், மறுமுனையை என் இடுப்பு வாரில் கோத்துக்கொண்டு கம்பிவேலியை நோக்கி நடந்தேன். வேலிக்கு ஒரு சாண் முன்னால், நீங்கள் அளந்து வெட்டிய நீளம் முடிந்த இடத்தில், பட்டை இறுகி என்னை நிறுத்தியது. கையை நீட்டி வேலியைத் தொட்டேன்.

உங்கள் மகள்,
வீப்கே