வீரையாவின் குழலுக்குள் இருக்கும் மூச்சு

என் அன்பு மச்சான் வீரையாவுக்கு,

மழை விடவில்லை. தேயிலை மலை முழுக்கப் பனி மூடிக் கிடக்கிறது. எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். கம்போங் ராஜா டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய்தான் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். "செத்தவருக்குக் கடுதாசியா? ஸ்டாம்பு எந்த ஊருக்கு ஒட்டுறது?" என்று கேட்டார். "நீ எழுது பாய், அவன் வாங்கிக்குவான் லா" என்றேன்.

நல்ல சேதி முதலில். உன் மகன் தினேஷ் அமெரிக்காவில் ஒரு பெரிய இசைக்குழுவில் சேர்ந்துவிட்டான். நம் எஸ்டேட் பேண்டில் நீ ஊதின பெரிய குழலுக்கு அங்கே டூபா என்று பேர். பிடில்காரர்கள் முட்டைகோஸ் பாத்தி மாதிரி வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்பார்களாம். டூபாவுக்கு மட்டும் ஒரே நாற்காலி. அதில் இருப்பவர் எழுந்து போனால்தான் அடுத்தவனுக்கு இடம். அதற்கு எங்கிருந்தெல்லாமோ வந்து ஊதினார்களாம். ஆள் யாரென்று தெரியக்கூடாது என்று திரை கட்டி, காலடி கேட்காமல் இருக்கக் கம்பளமும் விரித்திருந்தார்களாம். திரைக்குப் பின்னால் உன் பிள்ளை ஊதினான். அவனைத்தான் எடுத்தார்கள். கேட்டியா மச்சான்?

ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன வாரம் பாய் கடையில் உட்கார்ந்து, ஹேண்ட்போனில் முகம் பார்த்துப் பேசினேன். "முக்கால்வாசி நேரம் ஊத மாட்டேன் மாமா. மடியில வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருப்பேன்" என்றான்.

"சும்மா உக்காரவா சம்பளம்? இப்படி ஒரு வேலை இருக்குன்னு தெரியாமலே உங்கப்பன் போயிட்டானே!"

சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. அது உன் இருமல், மச்சான். அடி வயிற்றிலிருந்து கிளம்பி, நடுவில் அறுந்து, கடைசியில் விசில் மாதிரி இழுக்குமே, அதேதான்.

சபை முழுக்க அமைதியாக இருக்கும்போது அதை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்களாம்.

மேடையில் ஊதுவது வேறு குழல், அதைக் கழுவுகிறான். ஆனால் இங்கிருந்து தூக்கிக்கொண்டு போன உன் குழலை வீட்டில் தினமும் விடியலில் ஊதுகிறான். அதற்குள் தண்ணீர் பட்டதே இல்லை. உள்ளே பூஞ்சை பூத்திருக்கிறது, மூச்சிழுக்கும்போது அது நெஞ்சுக்குள் போகிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இப்படியே விட்டால் நுரையீரல் கெட்டிப்பட்டுவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாதாம்.

"கழுவித் தொலைடா" என்றேன்.

"உள்ள தாத்தா மூச்சு இருக்கு, கழுவக்கூடாதுன்னு அப்பா சொன்னாரே மாமா. இப்ப அப்பா மூச்சும் அதுலதான் இருக்கு."

"அப்ப ஊதாம மூலையில வையி."

"ஊதலன்னா செத்துப் போயிடும்னு அதையும் அப்பாதான் சொன்னாரு."

திருவிழா முடிந்து மற்றவர்கள் குழாயடியில் வாத்தியத்தைக் கழுவுவார்கள். நீ மட்டும் வெளியே புளி போட்டுத் துலக்கி, சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளுவாய். தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்துத்தான் உன் நெஞ்சு கெட்டது என்று எல்லோரும் சொன்னோம். குழல் ஒடுக்கெடுக்க ஈப்போ டவுனுக்குப் போயிருந்ததே, நினைவிருக்கிறதா? அது திரும்பி வரும்வரை நீ இருமவில்லை. "அண்ணே, இவரு நல்லா தூங்குறாரு" என்று தங்கச்சி அதிசயமாகச் சொன்னாள். குழல் வந்தது, இருமலும் வந்தது. அப்போது யாருக்கு என்ன தெரியும்?

தங்கச்சிக்கு இன்னும் சொல்லவில்லை. அந்த இருமல் சத்தத்தை அவள் கேட்டுவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை.

நேற்று கூப்பிட்டேன், எடுக்கவில்லை. "கச்சேரி முடியட்டும் மாமா" என்று குரலில் சேதி அனுப்பியிருந்தான். அந்தச் சின்னப் பேச்சுக்கே நின்று நின்று மூச்சு வாங்குகிறான்.

உயிரோடு இருக்கிற என் பேச்சு அவனிடம் எடுபடாது. நீ சொன்னால் கேட்பான். எனக்குக் கனவில் வந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாயா என்று படுக்கிறேன். நீ வரவில்லை. ஏன் மச்சான்?

இதைப் பேப்பருக்கு அனுப்பலாமா என்று பாய் கேட்டார். முடிவு தெரிந்த பிறகு அனுப்பு என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

நாளை காலை தினேஷைக் கூப்பிடுவேன். நீ என் கனவில் வந்தாய், "குழலைக் கழுவச் சொல்லு, என் மூச்சு அவனுக்குள்ள இருக்கு, போதும்" என்றாய் என்று சொல்லப்போகிறேன். பொய்தான். உன் பேரில் சொல்லத்தான் செய்வேன். தண்ணீர் விழும் சத்தத்தைப் போனில் கேட்கும்வரை அவனை விடமாட்டேன், இது சத்தியம்.

அதற்குள் நீ அவன் கனவில் போய் வேறு மாதிரி சொல்லிவிடாதே.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன்,
உன் பிள்ளைக்குத் தாய்மாமன்,
பெருமாள்