ஒரே ஒரு முறை போடும் கையெழுத்து

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கடவுளிடம் கேட்டுக்கொள்கிறேன், கேட்டது நடந்துகொண்டிருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் இதைத் தொடங்குகிறேன். இங்கே நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி வருகிறது, தையல் மிஷினில் உட்கார்ந்தால் போய்விடுகிறது என்கிறார், இது எந்த வைத்தியர் சொன்னது என்று கேட்டால் முறைக்கிறார். உன் மாமா வாரத்துக்கு இரண்டு தடவை வந்து ஊருக்கெல்லாம் யோசனை சொல்லிவிட்டு, டீயையும் குடித்துவிட்டுப் போகிறார். போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்லிவிடுகிறார், நான் மழையையும் சமையலையும் பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். இந்தக் கவரில் வங்கிப் படிவம் ஒன்றும் இருக்கும். அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு முதலில் இதைப் படி. படித்து முடிக்கும்வரை பேனாவைத் திறக்காதே.

வீட்டுக்காரர் இந்த வீட்டை விற்கப்போகிறார் என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு வந்து முன்னறையில் உட்கார்ந்து, "அண்ணே, எனக்கும் வயசாச்சு, பசங்க வித்துடச் சொல்றாங்க. முதல்ல உங்களைக் கேக்குறதுதான் முறை. நீங்க எடுத்துக்கலன்னா கிடங்கு கட்டுறவங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். அப்பா என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "நாங்களே எடுத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார், அதற்குள் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கியாகிவிட்டது. அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. அறுபத்தொரு வயதில் இரண்டு மிஷினையும் துணி வெட்டும் மேசையையும் தூக்கிக்கொண்டு எங்கே போவது. நான் யாருக்கும் தெரியாமல் மூன்று வீடு கேட்டுப் பார்த்தேன். ஒரு வீட்டம்மா, "சத்தம் இல்லாத தொழில்னா பரவாயில்லம்மா" என்றாள், சத்தம் இல்லாமல் தைக்க ஊசியை மட்டும்தான் எடுத்துப்போக வேண்டும். இன்னொரு வீட்டில் வயதைக் கேட்டதோடு சரி. அப்பாவிடம் தைக்கக் கொடுப்பவர்கள் எல்லாரும் இந்த நாலு தெருக்காரர்கள். இந்த வீட்டை விட்டால் தொழிலையும் விட்டது போலத்தான்.

அரசாங்கம் வீட்டுக்கடன் தருகிறது என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வங்கியிலிருந்து அந்தச் சிறு புத்தகத்தை வாங்கி வந்து, புரியாத சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதி எழுதிப் படித்தேன். பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு என்னை விட்டாலும் நான் படிப்பை விடவில்லை என்று உனக்குத் தெரியும். அதில் புரிந்தது இதுதான். பணம் கொடுப்பது வங்கி. அரசாங்கம் பக்கத்தில் நின்று, இவர்கள் கட்டாமல் போனால் உன் நஷ்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிறது. அந்த வாக்கு வங்கிக்கு, நமக்கு இல்லை, நாம் கட்டாவிட்டால் வீடு போவது போவதுதான். அந்த வாக்குக்காக மாதத் தவணையோடு ஒரு காப்புக் கட்டணத்தையும் நாம்தான் கட்ட வேண்டும். மாமாவிடம் விளக்கினேன். "அப்போ குடை அவனுக்கு, கம்பியப் புடிச்சிக்கிட்டு நனையிறது நாமளா அக்கா" என்றார். அவர் வாயிலும் எப்போதாவது உருப்படியாக ஒன்று வருகிறது.

ஆனாலும் அதில் நன்மை இல்லை என்று சொல்லக் கூடாது. சாதாரணக் கடன் என்றால் விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதலில் கையிலிருந்து வைத்தால்தான் உட்காரவே சொல்வார்கள். இந்தத் திட்டத்தில் இருபதில் ஒரு பங்கு போதும், வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து நான் சேர்த்தது அதற்குச் சரியாக வரும். முன்பணமே வேண்டாத இன்னொரு வகையும் உண்டு, அது ஊர் எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கு. நம் தெரு வெளியேதான் இருந்தது, பாலம் கட்டியபோது எல்லையையும் நகர்த்திவிட்டார்கள், குழாயில் தண்ணீர் வந்தது என்று அன்றைக்கு நானும்தான் சந்தோஷப்பட்டேன். மற்றொரு வகை ராணுவத்தில் இருந்தவர்களுக்கு. "அத்தான் எத்தனை ராணுவச் சட்டை தைச்சிருக்காரு, அதச் சொல்லிப் பாரேன்" என்றார் உன் மாமா, நான் சொல்லவில்லை. ஆக எங்களுக்கு உள்ளது அந்த முதல் வகைதான். வாங்குகிறவர்களில் ஒருவராவது அங்கே குடியிருக்க வேண்டும், எல்லாருக்கும் அது முதல் வீடாக இருக்க வேண்டும், வாங்குவது வீடாக இருக்க வேண்டும், கடையாக இருக்கக் கூடாது. இந்தக் கடைசி வரியில்தான் நாங்கள் இடறி விழுந்தோம்.

வீட்டைப் பார்த்து மதிப்புப் போட வங்கியிலிருந்து ஒருவர் வருவார் என்றதும் மாமா பதறிவிட்டார். "மிஷினப் பாத்தான்னா கடைன்னு எழுதிட்டுப் போயிடுவான் அக்கா. ஒரு நாளைக்கு அப்புறப்படுத்திடுவோம்" என்றார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு மிஷினும் பக்கத்து வீட்டு நர்ஸம்மா வீட்டுக்குப் போயின. மேசையை மடக்கிக் குளியலறைக்குப் பின்னால் நிறுத்தினோம். பெயர்ப்பலகையைக் கழற்றி எழுத்துத் தெரியாதபடி கவிழ்த்துக் கட்டிலுக்கடியில் தள்ளினோம். நூல் துண்டும் வெட்டுத்துணியும் இல்லாமல் முன்னறையைக் கூட்டிக் கூட்டிக் கை ஓய்ந்தது, தரையின் நிறமே அன்றைக்குத்தான் தெரிந்தது. நர்ஸம்மா வீட்டு பிளாஸ்டிக் பூச்சாடி ஒன்றை வாங்கி நடுவில் வைத்தேன். அப்பா தன் வீட்டுக்கே விருந்தாளியாக வந்தவர் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

வந்தவர் ஒல்லியான மனிதர். சுவரைத் தட்டினார், குழாயைத் திறந்து மூடினார், அளந்தார், எழுதினார். கிளம்பும்போது சட்டைக்கைப் பொத்தான் கதவுக் கொக்கியில் மாட்டி அறுந்து விழுந்தது. "அடடா, இப்படியே அடுத்த வீட்டுக்குப் போக முடியாதே. இந்தப் பக்கம் டெய்லர் யாராச்சும் இருக்காங்களா" என்றார். மாமா உடனே, "இந்தத் தெருவுலயா, டெய்லரா. பஸ் ஏறித்தான் போகணும் சார்" என்றார். அப்பா எழுந்துவிட்டார். நான் கண்ணால் சாடை காட்டினேன், பார்க்கவில்லை. சட்டைக் காலருக்கடியில் எப்போதும் ஒரு ஊசி வைத்திருப்பாரே, அதை எடுத்து, "கைய நீட்டுங்க சார்" என்று பொத்தானைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அந்த மனிதர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்ல இதெல்லாம் நீங்கதான் பண்றீங்களா, அம்மா குடுத்து வச்சவங்க" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அறிக்கையில், குடியிருப்பு மட்டுமே, தொழில் எதுவும் நடப்பதற்கான அடையாளம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அன்று மாலை கடவுளுக்கு நன்றி சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போது என்ன சொல்வதென்று தெரியவில்லை.

வங்கியில் கடன் பிரிவில் இருப்பது உன் வயதுப் பெண், மரியாதையானவள். எங்கள் மனுவையும் அந்த அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஐயா, இதே விலாசத்துல தையல் தொழில் பண்றதா நீங்க எழுதியிருக்கீங்க. ரிப்போர்ட்ல அப்படி எதுவும் இல்லையே. அப்போ இந்த வருமானம் எங்கேருந்து வருது" என்று கேட்டாள். அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், கட்டிலுக்கடியில் பலகை இருப்பதுவரை. அவள் சிரிக்கவில்லை. "அய்யோ, ஏன் ஐயா எடுத்தீங்க. வீட்டுல நாலுல ஒரு பங்குக்குள்ள தொழில் நடந்தா திட்டத்துல சேருமே. அப்படியே விட்டிருந்தா ஒரு பிரச்சனையும் இல்லையே" என்றாள். புத்தகத்தில் அந்த வரி வேறொரு பக்கத்தில், குறிப்பு என்ற இடத்தில் இருந்திருக்கிறது, நான் அதுவரை போகவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவின் டேப்பை எடுத்து அளந்தேன். முன்னறை ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. டேப்பைச் சுருட்டாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மறுபடி பார்க்க வரச் சொல்லலாமா என்றால், ஆறு மாதம் கழித்துத்தான் மனுப் போட முடியுமாம். வீட்டுக்காரரிடம் கெஞ்சினேன். "இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் அக்கா, அதுக்கு மேல பசங்க என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவானுங்க" என்கிறார். அறிக்கை அப்படி இருக்கும்வரை அப்பாவின் வருமானம் கணக்கில் வராதாம். மீதி ஒரே வழி, மாதச் சம்பளம் வாங்கும் ஒருவர் கூடச் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். மாமா ஓட்டுவது வாடகை வண்டி, அவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. எங்களுக்கு இருப்பது நீ ஒருத்தி.

இப்போது படிவத்தை எடு. முதல் மூன்று பக்கத்தில் பெயர், விலாசம், வேலை, அவ்வளவுதான். நாலாவது பக்கத்தில் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படி. சேர்ந்து கடன் வாங்குகிறவரும் தம் முதல் வீட்டை இந்தத் திட்டத்தில் வாங்கிவிட்டவராகவே கருதப்படுவார் என்று இருக்கும். நான் அந்தப் பெண்ணிடம் விரல் வைத்துக் காட்டி, என் மகளும் அவள் இருக்கும் ஊரில் இதே திட்டத்தில் வீடு எடுக்கத்தான் பணம் சேர்க்கிறாள் என்றேன். "அப்போ இதுல அவங்க பேர் முடிஞ்சிடும்மா. ஆளுக்கு ஒரு தடவைதான்" என்றாள். மாப்பிள்ளை பெயர் அவர் அண்ணன் வீட்டுக் கடனிலேயே போய்விட்டது. உங்கள் இருவருக்கும் மிச்சம் இருப்பது உன் பெயர் மட்டும். இங்கே அதைப் போட்டுவிட்டால், ஐந்தில் ஒரு பங்கு சேரும்வரை அந்த மூன்றாம் மாடி ஒற்றை அறையில், ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர் தெரிகிறதே, அங்கேயே இருக்க வேண்டும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், எத்தனை வருஷம் என்று எழுத மனம் வரவில்லை.

அப்பாவிடம் சொல்லாமல் இல்லை. "பொண்ணு பேரு நம்ம வீட்டுல இருந்தா என்ன கெட்டுப்போச்சு, நமக்கப்புறம் அவளுக்குத்தானே" என்றார். அவர் சொல்வதில் கள்ளம் இல்லை, அவருக்கு இருக்கிறதை எல்லாம் உனக்குக் கொடுப்பதாகத்தான் நினைக்கிறார். அவள் வேலை அங்கே இருக்க, இரண்டு நாள் ரயிலில் வந்தா இந்த வீட்டில் படுத்துவிட்டுப் போவாள் என்று கேட்டேன். எழுந்து போய் மிஷினுக்கு எண்ணெய் போட்டார், அதற்கு முதல் நாள்தான் போட்டிருந்தார். காலையில் படிவத்தை என்னிடம் கொடுத்தார். நீ கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம், பொத்தான் வரும் இடத்தில் போடுவாரே, அதே போலத் துணியில் கோடு போடும் சாக்பீஸால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டிருக்கிறார். கடிதத்தோடு வைத்துத் தபாலில் போட்டுவிடு என்றார். உன்னிடம் நேராகக் கேட்க அவருக்கு வாய் வராது. கேட்காமலே நீ போட்டுவிடுவாய் என்றும் அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அதனால்தான் பேனாவைத் திறக்காதே என்று எழுதினேன்.

போடு என்று நான் சொல்ல மாட்டேன். போடாதே என்று சொல்லவும் இந்த வீட்டில் இருந்துகொண்டு எனக்கு வாய் வரவில்லை, முன்னறையில் மிஷின் ஓடும் சத்தம் இந்த வரியை எழுதும்போதும் கேட்கிறது. பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால்கூட என்ன கேட்பதென்று தெரியவில்லை. வீடு கிடைக்கட்டும் என்று கேட்டால், யாருக்கு என்று கடவுள் திருப்பிக் கேட்பாரே. கையை மட்டும் கூப்பிக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து வருகிறேன். மாப்பிள்ளையிடம் இதைக் காட்டு, மறைத்து முடிவு செய்யாதே. எங்கள் மேல் இரக்கப்பட்டுப் போடாதே. அப்பா மேல் கோபப்பட்டும் ஒன்றும் செய்யாதே.

உங்கள் இருவருக்கும் கடவுள் நல்ல உடம்பையும், ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம் வரும் ஒரு வீட்டையும் கொடுக்கட்டும். மாப்பிள்ளையின் இருமலுக்கு வைத்தியரைப் பார்க்கச் சொல், தானாகப் போகும் என்று விட வேண்டாம். ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே. கடைசியாக ஒரு ஞாபகம். அந்த வங்கிப் பெண்ணிடம் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டேன். மாதக் கடைசிக்குள் படிவம் திரும்பி வராவிட்டால் கோப்பைத் தாங்களே மூடிவிடுவார்களாம். யாரும் மறுத்ததாக எழுத மாட்டார்களாம். தபால் இங்கிருந்து உன்னிடம் வரவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது, வழியில் தங்கிப்போவதும் உண்டு. இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்பா போனில், "லெட்டர் வந்துச்சாம்மா" என்று கேட்பார். வந்தது என்று சொல்வதா, இன்னும் வரவில்லை என்று சொல்வதா என்பது உன் பாடு. பொய் சொல்லச் சொல்லி உன்னை வளர்க்கவில்லை, இதை எழுதக் கை கூசுகிறது. நீ எதைச் சொன்னாலும் நான் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன், அப்பா திரும்பி என் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாதவள் போல இருந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
எதையும் உனக்காக முடிவு செய்ய முடியாத,
உன் அம்மா